ஐந்தாம் அத்தியாயம்: மட்டாஞ்சேரியிலிருந்து பனிவண்டிக்கு

நாய்கள் பூட்டிய வண்டியில் ஏறி உறைபனியின்மேல் பிரயாணம் செய்ய வேண்டும் என்னும் ஆசை, மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சுக்கு மூட்டைகளுக்கும் மிளகு மூட்டைகளுக்கும் நடுவே காலம் கழித்த ஒருவனுக்கு எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்கிறவர்களுக்கு நான் இன்றுவரை திருப்தியான விடை சொன்னதில்லை. ஆனால் அந்த ஆசையை நிறைவேற்றிக்கொள்ளப் புறப்படுகிறவர் எதை, எங்கே, எந்தக் கிரமத்தில் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம் விஷயம் உண்டு. அதில் பெரும்பகுதி நான் செய்த தவறுகளின் பயன். ஆகையால் அதைக் கூச்சமின்றிச் சொல்லலாம்.

முதலில் போகும் இடம். நம் தேசத்தில் பனிக்குக் குறைவில்லை. ஆனால் நாயைப் பூட்டிப் பனியில் வண்டியோட்டும் மரபு நம்மிடம் இல்லை. குல்மார்க்கில் சிறிய மரச் சறுக்குவண்டி உண்டு. அதை இழுப்பவர் மனிதர். உட்கார்ந்து வருகிறவருக்கு உல்லாசம், இழுப்பவருக்குச் சிரமம் என்னும் அந்த ஏற்பாடு எனக்கு உவப்பாக இல்லை என்பதோடு அதை விட்டுவிடுகிறேன். தென்துருவக் கண்டத்திலோ, சுற்றுச்சூழல் உடன்படிக்கையின்படி 1994 ஏப்ரலுக்குள் நாய்கள் அனைத்தையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். எஞ்சுவன வடதேசங்கள்: அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, நார்வே, சுவீடன், பின்லாந்து. இவற்றுள் நான் நார்வேயையே சிபாரிசு செய்கிறேன். கொல்லம் ஜில்லாவின் புனலூரைச் சேர்ந்த ஓர் இளைஞர், பனியோடு பழக்கமே இல்லாதவராக இருந்தும், இணையத்தில் வாக்குச் சேகரித்துத் தேர்வு பெற்று, நார்வேயிலிருந்து சுவீடனுக்கு நாய்வண்டியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் செல்லும் பிரயாணத்தில் 2018இல் கலந்துகொண்டார் என்பதை இங்கே நினைவூட்டுவது, நம் உஷ்ண தேசத்தில் பிறந்த சரீரத்துக்கு இது ஆகாத காரியம் என்று சொல்பவர்களின் வாயை அடைப்பதற்காகத்தான்.

நார்வேயைச் சொன்னதற்கு வேறு காரணங்களும் உண்டு. 1952இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நார்வேக்காரர் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் வந்து தங்கி, இயந்திரப் படகையும், ஐஸ் உற்பத்தியையும், மீனை உறையவைத்துக் காக்கும் வித்தையையும் நம் மீனவரிடையே பரவச் செய்தார்கள். 1963இல் அந்தத் திட்டத்தின் தலைமையகம் எர்ணாகுளத்துக்கே இடம்பெயர்ந்தது. தோப்பும்படியிலும் அரூரிலும் இன்று இறாலை உறையவைக்கும் ஆலைகளின் குளிருக்கு அந்த வடதேசத்தோடு ஒரு பழைய உறவு உண்டு என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு எதிர்த்திசையில், 1980களில் இலங்கைத் தமிழர் பலர் நார்வேயின் வடகோடியான பின்மார்க் மாகாணத்துக்குச் சென்று, அங்குள்ள மீன் ஆலைகளில் வேலைக்கு அமர்ந்தார்கள். அவர்களுள் ஒருவர் வீட்டில் தங்கித்தான் நான் நாய்வண்டி ஓட்டும் வித்தையைக் கற்றேன். மாகாணத்தின் பெரிய நகரமான ஆல்டாவிலிருந்து 1981 முதல் நடந்துவரும் நாய்வண்டிப் பந்தயம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம். 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 ஓட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுசேர்த்த வரலாற்றைப் பலர் படித்திருப்பார்கள். அவர்களுள் புகழ்பெற்ற செப்பாலா, காசன் இருவருமே இந்த வடநார்வேயில் பிறந்தவர்கள்.

கொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகையில் இருக்கிறது. ஆல்டா 70 பாகையில். நடுவேயுள்ள 60 பாகைத் தூரத்தை ஆகாய விமானம் ஒரு நாளில் கடத்திவிடும். சரீரத்தைக் கடத்துவதற்கு இரண்டு மாதமாவது வேண்டும். கொச்சியில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்துவிட்டால் அதையே குளிர்காலம் என்போம். அந்த எண்ணெய் உறைவது ஏறக்குறைய 24 டிகிரி உஷ்ணத்தில். பின்மார்க்கின் உட்பகுதியான காராஷோக்கில் 1886இல் பதிவான குளிரோ மைனஸ் 51.4 டிகிரி. வாசகர் பயப்பட வேண்டாம். சாதாரணமாக அங்கே மைனஸ் 10 முதல் மைனஸ் 25 வரையே சந்திக்க நேரும். நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தலைகாட்டாத காலம். துருவ ஒளியைப் பார்க்க ஆசைப்பட்டு அப்போது போகிறவர்கள் உண்டு. வண்டியோட்டக் கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு, வெளிச்சமும் பனியும் ஒருங்கே கிடைக்கும் பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் உகந்தவை.

நான் போய்ச் சேர்ந்த அன்று இரவு, என் அச்சத்தை முகத்திலேயே கண்டுகொண்ட அந்த யாழ்ப்பாணத்து நண்பர், தேநீரை நீட்டியபடி, "அண்ணை, நாய்க்குப் பயப்பிடாதேங்கோ, குளிருக்கும் பயப்பிடாதேங்கோ, வேர்வைக்கு மட்டும் பயப்பிடுங்கோ" என்றார். "வேர்வையா? இந்த ஊரிலா, தம்பி?" என்று நான் சிரித்தேன். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் அந்தச் சிரிப்புக்கு உரிய தண்டனையை அடைந்தேன்.

நடந்தது இதுதான். கொச்சியில் வாங்கிய தடித்த கம்பளிச் சட்டைக்கு உள்ளே, அரையில் வேட்டி கட்டத் தொடங்கிய நாள் முதல் அணிந்துவந்த பருத்திப் பனியனையே அணிந்துகொண்டு, அதன்மேல் இன்னும் இரண்டு உடுப்புகளை ஏற்றி, ஒரு காற்றும் புகாதபடி கழுத்துவரை இழுத்து மூடி, மூட்டை கட்டிய ஜாதிக்காயைப் போல நான் வண்டியின் பின்னே நின்றேன். முதல் மேட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓட நேர்ந்தது. மேட்டின் உச்சியை அடைந்தபோது சித்திரை மாதத்து மட்டாஞ்சேரியில் இருப்பது போலவே வியர்த்திருந்தேன்; அது எனக்குப் பழகிய சுகமாகவும் இருந்தது. பிறகு வண்டி இறக்கத்தில் விரைந்தது. நான் அசையாமல் நின்றேன். நனைந்த பனியன் முதுகோடு ஒட்டிச் சில்லிட்டது. கால்மணி நேரத்துக்குள் பற்கள் தாளம் போடத் தொடங்கின. 'பனியன்' என்ற பெயரை வைத்துக்கொண்டு பனிக்கு இவ்வளவு உதவாத வஸ்து வேறொன்று இல்லை.

காரணம் எளியது. பருத்தி தண்ணீரைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஜூன் மாதத்து மழையில் கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளாகியும் காயாததைக் கண்ட மட்டாஞ்சேரிவாசிக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை. ஈரத் துணி சரீரத்தின் உஷ்ணத்தை வெகு வேகமாக வெளியே கொண்டுபோய்விடும். ஆட்டுக் கம்பளியோ ஈரமானபோதும் ஓரளவு உஷ்ணத்தைக் காக்கும். ஆகவே உள்ளே மெல்லிய மெரினோ கம்பளியில் முழுக்கைச் சட்டையும் முழுக்கால் சட்டையும், அதன்மேல் சற்றுத் தடித்த கம்பளி அல்லது பிளீஸ் உடுப்பும், எல்லாவற்றுக்கும் வெளியே காற்றைத் தடுக்கும் மேலங்கியும் என்று மூன்று அடுக்காக அணிய வேண்டும். ஒரே தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் மேலானவை. ஏனெனில், மேடு வருவதற்கு முன்பே ஒன்றைத் திறந்துகொள்ளலாம், இறக்கம் வருவதற்கு முன்பே மூடிக்கொள்ளலாம். வியர்த்த பிறகு திறப்பது பயனில்லை. புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். சுகமாக இருந்தால் அதிகமாக உடுத்திவிட்டீர்கள் என்று பொருள். உஷ்ண தேசத்தாருக்கு இதில்தான் மனம் ஒப்பாது. வியர்வையை நாம் இயற்கையாகவும், குளிரை விபத்தாகவும் கருதி வளர்ந்தவர்கள் அல்லவா?

இந்த உடுப்புகள் கொச்சியில் எளிதில் அகப்படா. பெங்களூரிலோ டெல்லியிலோ மலையேறுபவர்க்கான கடைகளில் வாங்கலாம். உள்ளுடுப்புக்கு மட்டும் பணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள். வெளியுடுப்பும் பூட்ஸும் வாங்கவே வேண்டாம். நாய்ப்பண்ணைகளில் பெரும்பாலானவை விருந்தாளிகளுக்கு அவற்றை இரவல் கொடுக்கின்றன. திரும்பி வந்தபின் மெரினோ உடுப்பைக் கொச்சிக் கோட்டைப் பக்கத்து வெளி என்னும் இடத்திலுள்ள தோபிகானாவில் போடுகிறவர்கள், அங்கே தலைமுறைகளாக வெளுக்கும் நம் தமிழ்ச் சகோதரர்களிடம், கல்லில் அடிக்காமலும் சுடுநீர் காட்டாமலும் கசக்கித் தரும்படி முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.

கால், கை, முகம் மூன்றுக்கும் தனித்தனி ஜாக்கிரதை வேண்டும். பூட்ஸ் வழக்கமான அளவைவிட ஒன்றிரண்டு அளவு பெரியதாக இருக்கட்டும். விரல்கள் உள்ளே அசைய இடமிருந்தால்தான் இரத்தம் ஓடும். குளிருக்குப் பயந்து இரண்டு ஜோடிக் காலுறைகளைத் திணித்து இறுக்கிக்கொள்கிறவர் குளிரைத் தாமே அழைத்துக்கொள்கிறார். கைக்கு, விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய உறையொன்று உள்ளே. நான்கு விரலும் ஒன்றாகக் கிடக்கும் தடித்த உறையொன்று மேலே. நாயின் வாரில் கொக்கியை மாட்டும்போது மேலுறையைக் கழற்றலாம், உள்ளுறையைக் கழற்றலாகாது. அந்தக் குளிரில் வெறும் விரல் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

முகத்தைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். மைனஸ் 20 டிகிரிக் குளிரில் வண்டி மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், மூடப்படாத தோலுக்கு அது மைனஸ் 29 போலத் தோன்றும்; எதிர்க்காற்றும் சேர்ந்து அந்த வேகம் 30 கிலோமீட்டரானால் மைனஸ் 33. மூக்கும் கன்னமும் காதுநுனியும் முதலில் பழிவாங்கப்படும். நம் பெண்மணிகள் மூக்குத்தியையும் தோட்டையும் தங்கும் இடத்திலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். உலோகம் குளிரைத் தோலுக்குக் கடத்தும். கழுத்துச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை உள்ளுடுப்புக்கு மேலே கிடக்கும்படி விடலாம். உடன் வருபவரின் கன்னத்தில் வெள்ளைத் திட்டு ஏதேனும் தோன்றுகிறதா என்று ஒருவரையொருவர் அடிக்கடி பார்த்துக்கொள்வது அவசியம். தோன்றினால் வெறும் உள்ளங்கையை அதன்மேல் வைத்து வெப்பமூட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது என்ற பழைய வைத்தியம் கேடு விளைப்பது. திட்டு மாறாமல் மரத்துப்போயிருந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்லிவிட வேண்டும். வெட்கம் பார்த்து விரலை இழந்தவர்கள் உண்டு.

இனி ஒத்திகை. உடுப்பின் குறையை நார்வேயில் போய்க் கண்டுபிடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது. மூணாறில் ஜனவரி மாதத்து விடியற்காலையில் புல்நுனியில் உறைபனி படிவதுண்டு; நம் ஊரிலிருந்து 130 கிலோமீட்டர் போய், வாங்கிய உடுப்பனைத்தையும் அணிந்து இரண்டு மணி நேரம் நடந்தும் நின்றும் பார்க்கலாம். ஆனால் எனக்கு அதைவிட மேலான பள்ளிக்கூடம் மீன் ஏற்றுமதி ஆலையின் குளிர்க்கிடங்குதான். உறைந்த இறாலை மைனஸ் 18 டிகிரியிலோ அதற்குக் கீழோ வைத்துக் காப்பது அத்தொழிலின் நியதி. அறிமுகமான ஒருவர் மூலம் அனுமதி பெற்று, ஒரு தொழிலாளி கூடவே இருக்க, பத்து நிமிஷம் உள்ளே நின்று வந்தால் உடுப்பின் எந்தத் தையலில் குளிர் புகுகிறது, மூக்குக்கண்ணாடியில் எப்படி ஆவி படிகிறது, கைப்பேசியின் மின்கலம் எவ்வளவு விரைவில் சோர்கிறது என்பனவெல்லாம் தெரிந்துவிடும். தனியே ஒருபோதும் போகலாகாது. என்னை உள்ளே அழைத்துச் சென்ற, நாள்தோறும் அங்கே பெட்டி அடுக்குகிற தொழிலாளி, என் புதிய உடுப்புகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் காசு கொடுத்துப் போய் அனுபவிக்கிறீர்களா, சாரே?" என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை.

சரீர அப்பியாசத்துக்கு வேறெங்கும் அலைய வேண்டாம். வண்டியின் பின்னே இரண்டு சறுக்குச் சட்டங்களின்மேல் ஒவ்வொரு காலாக வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, கைப்பிடியைப் பற்றி நிற்பதுதான் ஓட்டியின் நிலை. எர்ணாகுளத்துக்குப் போகும் படகில் உட்காராமல், கம்பியைப் பிடிக்காமல், அலையின் போக்குக்கு இடுப்பை விட்டுக்கொடுத்து நின்றுவரப் பழகுங்கள். பாதி வித்தை வந்துவிடும். மறுபாதிக்கு பஜாரின் கைவண்டிக்காரர்களைக் கவனியுங்கள். பாண்டிகசாலை வாசலில் மூட்டையேற்றிய வண்டியை அவர்கள் சரிவில் இறக்கும்போது, வண்டி தம்மை முந்திவிடாதபடி உடம்பைப் பின்னே சாய்த்துத் தடுத்துக்கொண்டே வருவார்கள். பனிவண்டியிலும் அதே நியாயம்: இறக்கத்தில் பிரேக்கை மிதித்து வார் தளராமல் வைத்திராவிட்டால், வண்டி போய்க் கடைசி ஜோடி நாய்களின் கால்களில் மோதும். ஏற்றத்தில் ஒரு காலால் உந்தியோ இறங்கி ஓடியோ நாய்களுக்கு உதவ வேண்டும். ஆகையால் நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம் வேக நடையும், கொஞ்சம் படியேற்றமும் இரண்டு மாதத்துக்குப் போதும். முதுகுவலி உள்ளவரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் புறப்பட வேண்டாம். ஓட்ட விரும்பாதவர் வண்டியினுள்ளே மான்தோல் விரித்து உட்கார்ந்து வரலாம். அசைவின்றி இருப்பதால் அவருக்குத்தான் அதிகக் குளிர் என்பதை மட்டும் மறவாது இன்னோர் அடுக்கு அணிந்துகொள்ள வேண்டும்.

நாயோடு பழகுவது நமக்குப் பெரிய விஷயம். தெருநாயைக் கண்டால் குனிந்து கல்லெடுக்கும் பாவனை செய்தே வளர்ந்த கை நம்முடையது. நாய் வளர்க்கும் சிநேகிதர் வீட்டுக்குச் சில நாள் போய், பக்கவாட்டில் நெருங்கவும், கையை முகரக் கொடுக்கவும், காதுக்குப் பின்னே தடவவும், பாதத்தைத் தூக்கிப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். நாயின் பாதத்துக்கு அங்கே துணியுறை கட்டும் வேலை வரும். அலாஸ்கா ஹஸ்கி என்னும் வண்டிநாய் படங்களில் காண்பது போன்ற பேருருவம் உடையதன்று. பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ எடையுள்ள, மெலிந்த, நீண்ட காலுடைய பிராணி. அதன் பலம் வேறு. பூட்டுமிடத்துக்கு அதைக் கழுத்துப்பட்டையில் பிடித்து நடத்தும்போது உங்களைத் தரதரவென்று இழுத்துப்போய்விடும். அப்போது பட்டையைச் சற்றே தூக்கி முன்கால்கள் தரையில் படாதபடி செய்துகொண்டால், இரண்டு காலின் பலம்தான் அதற்கு மிச்சம். பந்தய நாளில் ஒரு நாய் 10,000 கலோரி அளவுக்கு உண்ணும். கொழுப்பும் இறைச்சியும் மீனும் வெந்நீரில் கலந்த கஞ்சிதான் அதன் ஆகாரம். பூஜ்ய டிகிரியை நெருங்கினால் அதற்குப் புழுங்கும். நாம் நடுங்கும் மைனஸ் 15 அதற்கு இளவேனில்.

நம் ஆகாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. நெய்யும் முந்திரியும் வேர்க்கடலை மிட்டாயும் சட்டைப்பையிலிருக்கட்டும். தாகம் தோன்றாவிட்டாலும் வெந்நீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மட்டாஞ்சேரிச் சுக்கும் மிளகும் தட்டிப் போட்ட காப்பியை ஒரு பிளாஸ்கில் கொண்டுபோனேன். வழிகாட்டிப் பெண் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை, பிறகு இரண்டாவது கோப்பை கேட்டாள். மது ஆகாது, அது சூடு ஏறியது போன்ற பிரமையை உண்டாக்கிச் சரீரத்தின் உஷ்ணத்தை இழக்கச் செய்யும். இனிப் பிரயாணப் பத்திரங்கள். நார்வேக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுச் செய்யலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்தியக் காப்புறுதி கட்டாயம். அந்தக் காப்புறுதியில் பனி விளையாட்டுகள் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று பொடியெழுத்தைப் படித்துப் பாருங்கள்.

புறப்படும் காலையில் காதைப் பிளக்கும் சத்தத்துக்கு மனத்தை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும். முதல் நாயைப் பூட்டியதுமே பண்ணை முழுவதும் குரைக்கும், ஊளையிடும், அந்தரத்தில் குதிக்கும். அது கோபமல்ல, 'என்னையும் பூட்டு' என்னும் மன்றாட்டு. முன்னே வழிகாட்டும் ஜோடி, கடைசியில் வண்டியை ஒட்டிப் பாரம் தாங்கும் ஜோடி என்று நான்கு அல்லது ஆறு நாய்கள் விருந்தாளிக்குக் கிடைக்கும். உங்கள் நாய்கள் முன்னே போகும் வழிகாட்டியின் வண்டியையே பின்தொடரும் ஆதலால், வலம் இடம் சொல்லும் மந்திரங்கள் உங்களுக்கு அதிகம் தேவைப்படா. இழுபட்டு விறைத்திருக்கும் கயிற்றைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். எது நேர்ந்தாலும், விழுந்து பனியில் இழுபட்டாலும்கூட, கைப்பிடியை விடாதீர்கள். ஓட்டி விழுந்தான் என்பதற்காக நாய்கள் நிற்பதில்லை, அடுத்த குடிசைவரை அவை போய்விடும், நீங்கள் நடக்க வேண்டியிருக்கும்.

வண்டியை நிறுத்திவைப்பது பனியில் ஊன்றிய ஓர் இரும்புக் கொக்கி. மேலங்கியின் ஜிப்பைச் சற்றே திறந்துகொள்ளுங்கள், லேசாகக் குளிரட்டும். இரண்டு பாதமும் பிரேக்கின்மேல் இருக்கட்டும். ஒரு கையால் கைப்பிடியைப் பற்றியபடி, மறுகையால் கொக்கியைப் பிடுங்கி அதன் இடத்தில் மாட்டி, பிறகு மெதுவாகப் பாதத்தின் பாரத்தைக் குறையுங்கள். அவ்வளவு கூச்சலும் அந்த க்ஷணத்திலேயே நின்றுவிடும். பனியின்மேல் சட்டம் வழுக்கும் ஓசையும் நாய்களின் மூச்சும் மட்டும் கேட்கும்.